துறையடி வீதி விளாமரங்கள்

யோகராசா பிரதேச சபையின் தவிசாளர் கதிரையில் உட்கார்ந்தபோது அவருக்கு அறுபத்தெட்டு வயது முடிந்திருந்தது. விரும்பிய காலத்தில் வராத பதவி. முப்பது வருடமாகத் தேர்தலில் நின்று, தோற்று, இடையில் ஒருமுறை உறுப்பினராகி, மறுபடி தோற்று, ஊர்க்காரர் அவருடைய பெயரை வாக்குச் சீட்டில் பார்த்துப் பார்த்தே சலித்துப்போனார்கள். போன வருடத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இழுபறிப்பட்டுக் களைத்த எல்லாருமாகச் சேர்ந்து, "இந்த மனிசனால ஆருக்கும் நட்டமில்ல" என்று அவரைத் தூக்கிக் கதிரையில் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னபோது, அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவி ஆச்சிப்பிள்ளை தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பல்லுப் போன காலத்துல முறுக்கு," என்றாள்.

அவர் சிரித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். ஆச்சிப்பிள்ளைக்கு மறுமொழி சொல்லி வென்ற வரலாறு அவரிடம் இல்லை.

மண்டூரில் வந்து யோகராசா வீடு எங்கே என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று விளங்காது. மரத்தார் வீடு என்றால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும். அரசியல்வாதி என்று அவரைச் சொல்வதற்கு ஊருக்கு வாய் வந்ததில்லை. அவர் மேடையில் ஏறினால் ஐந்து நிமிடம் கட்சியைப் பற்றிப் பேசுவார், அரை மணி நேரம் மரத்தைப் பற்றிப் பேசுவார். மாதம் இருமுறை வெளிவரும் 'படுவான் மடல்' என்ற நாலு பக்கப் பத்திரிகையும் அவருடையதுதான். ஆசிரியர் அவர், செய்தியாளர் அவர், பிழை திருத்துபவர் அவர், அச்சான கட்டைத் தோளில் போட்டுக் கடை கடையாகக் கொண்டுபோய் வைப்பவரும் அவர். பத்திரிகையின் நாலாம் பக்கம் முழுக்க மரந்தான். அந்தப் பக்கத்தில்தான் பாண் சுற்றித் தருவார்கள் என்று ஊரில் ஒரு பகிடி உண்டு.

இந்த மரப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று கேட்டால் அவர் பொதுவாகப் பேசி மழுப்பிவிடுவார். சங்கதி இதுதான். யுத்த காலத்தில் துறையடி வீதியின் இரண்டு பக்கமும் நின்ற மரங்களை வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. மறைவில் யாரும் பதுங்கக்கூடாதாம். வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்குப் போக வேண்டியவர்கள் எல்லாரும் அந்த வீதியால்தான் துறைக்கு வர வேண்டும். ஆளையும் வண்டியையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவையை இங்கே பாதை என்பார்கள். பாதைக்கு முன்னால் சோதனைச் சாவடி. சாவடிக்கு முன்னால் வரிசை. ஒரு நாள் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த ஆச்சிப்பிள்ளையைக் களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அவர் அந்த வரிசையில் நின்றார். காலையில் நின்றவர்கள் மதியம் வரை நின்றார்கள். ஒதுங்குவதற்கு ஒரு பற்றை இல்லை. ஆச்சிப்பிள்ளை மயங்கி விழுந்தாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளையே இல்லை. வெயிலால்தான் இப்படி ஆனது என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. யோகராசாதான் தனக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லிச் சொல்லி அதை நம்பியும் விட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஓர் ஆசைதான். துறையடி வீதியில் நிழல் விழ வேண்டும். கோயில், வயல், பாலம், பஸ் என்று மற்ற அரசியல்வாதிகள் எதையெல்லாம் கேட்டார்களோ அதையெல்லாம் அவரும் கேட்டார். ஒரு கடமைக்குக் கேட்டார். மனதால் கேட்டது அந்த நிழலைத்தான்.

ஆசை இருந்த அளவுக்குக் கைராசி இருக்கவில்லை. மரநடுகை விழா என்றால் சுற்றாடல் தினத்தில்தான் வைக்க வேண்டும். அன்றைக்குத்தான் அதிகாரிகள் வருவார்கள், கன்றுகள் இலவசமாகக் கிடைக்கும், பாடசாலைப் பிள்ளைகள் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். சுற்றாடல் தினமோ ஜூன் மாதம். கொழும்பில் அப்போது மழை பெய்யுமாம். இங்கே கச்சான் காற்று நெருப்பை அள்ளிக்கொண்டு வீசும். நமக்கு மழை கார்த்திகையில். நட்ட கன்று ஆடிக்குள் சுள்ளியாகும். தப்பியதை மாடு மேயும். அடுத்த வருடம் அதே குழியில் அடுத்த கன்று, அதே அதிகாரி, அதே படம். குழி வெட்டும் செலவாவது மிச்சம் என்று ஊரார் சொன்னார்கள். தேதியை மாற்றுங்கள் என்று அவர் எழுதாத இடமில்லை. உலகம் முழுக்க ஒரு நாள்தான் ஐயா, மட்டக்களப்புக்கென்று தனியாக நாள் வைக்கலாமா என்று ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் மறுபடியும் ஜூன் மாதத்தில் நட்டார். நடாமல் இருப்பதைவிட நட்டுச் சாகக் கொடுப்பது மேல் என்று நினைத்தாரோ, வேறு வழி தெரியவில்லையோ, அவருக்கே தெரியாது.

யுத்தம் முடிந்த வருடத்து விழாவில் வேம்பையும் மருதையும் மாவையும் ஆட்கள் எடுத்து முடித்த பிறகு, லொறியின் மூலையில் ஒரு குவியல் விளாங்கன்றுகள் மிஞ்சிக் கிடந்தன. முள்ளுக்குப் பயந்து ஒருவரும் தொடவில்லை. திருப்பிக் கொண்டுபோனால் கணக்குக் காட்ட வேண்டும் என்று லொறிக்காரன் அவற்றை வீதியோரம் இறக்கிவிட்டுப் போய்விட்டான். யோகராசாவும் கூலிக்கு வந்த இரண்டு பேரும் அவற்றைத் துறையடி வீதியின் ஒரு பக்கமாக, வேலி இல்லாமல், தண்ணீர் இல்லாமல், படம் எடுக்க ஆளும் இல்லாமல் நட்டு முடித்தார்கள். முள் இருந்ததால் மாடு வாய் வைக்கவில்லை. வெயில் அதற்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. மற்றதெல்லாம் வழக்கம்போலச் செத்தது. விளா மட்டும் நின்றது.

நின்றது மட்டுமல்ல, வளர்ந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் துறையடி வீதியில் நிழல் விழுந்தது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதன் கீழ் நின்றார்கள். பாதைக்கு வருகிறவர்கள் மோட்டார் சைக்கிளை அங்கே நிறுத்தினார்கள். பிறகு காய்த்தது. ஆவணி புரட்டாசியில் பழம் விழத் தொடங்கினால் வீதி முழுக்கப் புளிப்பும் இனிப்புமாக வாசம் அடிக்கும். பொறுக்கிக் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குக் கொண்டுபோனால் ஒரு வீட்டின் உப்புப் புளிச் செலவு போகும். யோகராசா பின்னேரங்களில் சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்த நிழலால் நடப்பார். சும்மா நடப்பார். வாழ்க்கையில் அவர் செய்ததென்று சொல்ல அந்த வரிசை ஒன்றுதான் இருந்தது, அது போதும் என்றும் அவருக்கு இருந்தது.

யானை உண்ட விளாம்பழம் என்றொரு சொல் நம்மிடம் உண்டு. ஓடு அப்படியே இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. யோகராசா தலையங்கம் எழுதும்போது அந்தச் சொல்லை விட்டுவைத்ததே இல்லை. அபிவிருத்தித் திட்டமா, யானை உண்ட விளாம்பழம். பாதீடா, யானை உண்ட விளாம்பழம். தேர்தல் வாக்குறுதியா, அதுவும் அதுதான். இத்தனை தரம் எழுதிய கைக்கு, யானை விளாம்பழம் தின்னும் என்பது மட்டும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணமும் இருந்தது. அவர் நட்ட காலத்தில் யானை மேற்கே வெகு தூரத்தில், காட்டுக்குள் இருந்தது. வாவிக்கரையில் யானையைக் கண்டதாகப் அவரைப் பெற்ற தகப்பனும் சொன்னதில்லை. யுத்தம் முடிந்து, காடு வெட்டி, நிலம் பிடித்து, அதன் வழியெல்லாம் அடைபட்ட பிறகு அது இறங்கி வரத் தொடங்கியது. முதலில் வயலுக்கு வந்தது. பிறகு ஓர் ஆவணியில் விளாம்பழ வாசத்துக்குத் துறையடி வீதி வரை வந்தது.

வெடி கொளுத்தித் துரத்தினார்கள். அவர் மின்சார வேலி கேட்டு எழுதினார். மறுபடியும் எழுதினார். தவிசாளரான பிறகு சபைக் கடிதத் தலைப்பிலும் எழுதினார். யானை பத்திரிகை வாசிப்பதில்லை. எழுத வேண்டியவர்களுக்கு எழுதியாயிற்று என்று அவர் படுத்து உறங்கினார்.

போன ஆவணியில் ரதீஸ் செத்தான்.

ரதீஸ் வாவியில் மீன்பிடிக்கிறவன். முப்பத்துநாலு வயது. மீன் படாத மாதங்களில் அவனுடைய மனைவி தனுஷியா விளாம்பழம் விற்பாள். மற்றவர்கள் எழும்புவதற்கு முன்னால் பொறுக்கினால்தான் நல்ல பழம் கிடைக்கும் என்று அவன் விடியப் புறப்பட்டுப் போயிருக்கிறான். அதே பழத்துக்கு யானையும் வந்து மரத்தோடு மரமாக நின்றிருக்கிறது. ஆட்கள் ஓடி வந்து பார்க்கும்போது அவனுடைய உரப்பை பக்கத்தில் கிடந்தது. பாதி நிறைந்திருந்தது.

ஊர் கொதித்தது. யானையை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குச் சட்டம் இருக்கிறது. மரத்தை ஏதாவது செய்யலாம். வெட்டுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். சபைக்கு வந்து சொன்னார்கள், வீட்டு வாசல் கடப்படியில் நின்று சொன்னார்கள், கோயிலில் வைத்துச் சொன்னார்கள். எதிர்த்தரப்பு உறுப்பினரான தனோஜன், ஊருக்குள் மோட்டார் சைக்கிளில் திரிந்து, "மரத்தாருக்கு மனிசரை விட மரம் பெரிசு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. யோகராசா காது கொடுக்காமல் இருந்தார். மற்ற எதைக் கேட்டாலும் கொடுத்திருப்பார். கதிரையைக் கேட்டிருந்தால் அன்றைக்கே இறங்கியிருப்பார்.

அந்த வாரம் அவர் ஒரு தலையங்கம் எழுதினார். 'மரம் என்ன குற்றம் செய்தது?' என்று தலைப்பு. நன்றாக எழுதினார். யானையின் வழியை அடைத்தவர்கள் யார், வேலி கேட்டபோது பேசாமலிருந்தவர்கள் யார் என்று கேட்டிருந்தார். ஒன்றும் பொய்யில்லை. பஸ் ஏறி மட்டக்களப்பு நகரத்துக்குக் கொண்டுபோய் ஏர்லிடம் கொடுத்தார். ஏர்ல் பறங்கியர்; தகப்பன் காலத்து அச்சகத்தை வைத்திருப்பவர்; ஆரம்பத்திலிருந்து படுவான் மடல் அவரிடம்தான் அச்சாகிறது. யோகராசாவின் எழுத்தில் இதுவரை ஒரு சொல்லும் மாற்றச் சொன்னதில்லை. கணினியில் ஏற்றி முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யோகன், நல்லா எழுதி இரிக்காய்."

"ம்."

"செத்தவன்ட பொண்சாதிக்கு இத வாசிக்கக் குடுப்பியா?"

யோகராசா அச்சுக் கூலியை எண்ணி மேசையில் வைத்தார். ஏர்ல் மறுபடி கேட்கவில்லை. அச்சடித்துக் கட்டிக் கொடுத்தார்.

பஸ் மண்டூரில் நிறுத்தியதும் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நேராகக் கடைகளுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஏர்ல் கேட்டது காலில் முள்ளாகக் கிடந்தது. செத்த வீட்டுக்கு ஊரோடு ஒருமுறை போனதுதான், பிறகு போகவில்லை. தவிசாளர் போகாமல் இருப்பது முறையில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டு தனுஷியாவின் வீட்டுக்கு நடந்தார்.

வீடு துறையடி வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே. தனுஷியா வாசலில் இருந்தாள். ஏழு வயது மகள் விதுர்ஷா அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. அவரைக் கண்டதும் தனுஷியா எழும்பப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு எதிரே கிடந்த பலகையில் உட்கார்ந்தார். பத்திரிகைக் கட்டைக் காலடியில் வைத்தார். மேடையில் அரை மணி நேரம் பேசுகிற மனிதர் கட்டின் கயிற்றை நெருடிக்கொண்டிருந்தார்.

"வேலிக்கு எழுதி இரிக்கன் புள்ள," என்றார் கடைசியில். "இந்த முறை கட்டாயம் வரும்."

அவள் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"மாமா, நீங்க எவ்வளவு மரம் நட்டீங்க. நான் பள்ளிக்கூடம் படிக்கக்குள்ளயே நட்டீங்க. நானும் தொப்பி போட்டுக்கிட்டு வந்து நிண்டிரிக்கன். எல்லாம் செத்துத்தானே போச்சி?"

"ஓம் புள்ள."

"இது மட்டும் என்னத்துக்கு மாமா சாகாமக் கிடந்திச்சி?"

அவர் வாயைத் திறந்தார். மாடு தின்னாது, தண்ணி தேவையில்லை, வேர் ஆழம் போகும் என்று நாலாம் பக்கத்தில் பத்துத் தரம் எழுதிய பதில்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. "வாறன் புள்ள" என்று எழும்பினார். கட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவிழ்க்காமலே நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போட்டார். படுவான் மடல் வராமல் போன முதல் இதழ் அதுதான். ஏன் வரவில்லை என்று ஒரு கடைக்காரரும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த சபைக் கூட்டத்தில் தவிசாளரே பிரேரணையைக் கொண்டு வந்தார். துறையடி வீதி விளாமரங்களை அகற்ற வேண்டும். தனோஜன் பாடுதான் பாவம். தவிசாளர் வெட்ட விடமாட்டார் என்று நம்பி, அவரைக் கிழிப்பதற்கு ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தான். எதிர்த்தரப்பு எதிர்க்காமல் விடலாமா? இரண்டு நிமிடம் தடுமாறிவிட்டு, மரத்துக்காகப் பேசத் தொடங்கினான். நிழல் என்றான், பஸ்ஸுக்கு நிற்கும் தாய்மார் என்றான், நமது பிள்ளைகளின் எதிர்காலம் என்றான். பாதிக்கு மேல் யோகராசாவின் நாலாம் பக்கத்திலிருந்து வந்த வசனங்கள். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று தோன்றியது. பிறகு வாக்கெடுப்பு வைத்தார். பிரேரணை நிறைவேறியது.

மேலிடத்து அனுமதி வந்து, புரட்டாசி முடிவதற்குள் வெட்டினார்கள். அவர் இரண்டு நாளும் போய் நின்றார். ஒருவரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. இயந்திர வாள் பிடித்தவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தார்கள். மரம் விழுந்த இடத்தில் வெளிச்சம் வந்து விழுந்தது. அவருக்கு அந்த வெளிச்சம் புதிதல்ல. ஆச்சிப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்று கண்ட அதே வெயில். அழுகை வந்தது. தவிசாளர் வீதியில் நின்று அழுதால் ஊர் என்ன சொல்லும் என்று பாதைப் பக்கம் திரும்பி, தண்ணீரைப் பார்த்தபடி அழுது முடித்தார்.

வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல் படுத்தார். ஆச்சிப்பிள்ளை கோப்பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"இஞ்சருங்க. வெட்டினது சரிதானே?"

"சரிதான்."

"சரியானதச் செஞ்சிற்று மனிசன் பட்டினி கிடக்கத் தேவல்ல. எழும்பித் தின்னுங்க."

அவள் அந்த நிழலைப் பற்றி ஒருபோதும் எதுவும் பேசியதில்லை. அது யாருக்காக நட்டது என்று அவளுக்குத் தெரியுமா என்றுகூட அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் எழும்பாமல் பக்கத்திலேயே இருந்தாள்.

கார்த்திகை மழை இந்த முறை வெறிகொண்டு பெய்தது. வாவி வீதிக்கு ஏறியது. வெள்ளம் வடிந்து மார்கழியும் பிறந்த பிறகு, ஒரு காலை அவர் துறையடி வீதியால் நடந்தார். அடிக்கட்டைகளுக்குப் பக்கத்தில், வீதியோரப் புல்லுக்குள், பச்சையாக ஏதோ நெருக்கமாக முளைத்திருந்தது. குனிந்து பார்த்தார். சின்னச் சின்ன இலை. கசக்கி முகர்ந்தார். விளா. இன்னும் கொஞ்சம் நடந்தார். வீதியைவிட்டு வயல் வட்டைப் பக்கம் இறங்கும் யானைத் தடத்தில், கரைந்துபோன யானைப் பிண்டம் கிடந்த இடமெல்லாம் கூட்டம் கூட்டமாக விளா. வட்டையின் வரம்பு வழியாக, கண்ணுக்கு எட்டிய தூரம் மேற்கே போய்க்கொண்டிருந்தது. யானை உண்ட பழத்துக்குள் ஒன்றும் இராது என்று யார் சொன்னது? விதையெல்லாம் இருந்திருக்கிறது. தின்று, சுமந்து, வழியெங்கும் போட்டு, மழைக்குச் சரியாக நட்டுவிட்டு அது போயிருக்கிறது. விழா இல்லை, அதிகாரி இல்லை. அவர் ஆயுசு முழுக்க நட்டதைவிட அதிகம்.

முதலில் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதை மறைப்பதற்கில்லை. வீதியில் யாரும் இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பார்.

அப்போது அந்தப் பக்கமாகப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் வந்தார்கள். விதுர்ஷாவும் அவர்களோடு வந்தது. வெள்ளைச் சட்டையோடு, தண்ணீர்ப் போத்தலை ஆட்டிக்கொண்டு, முளைத்து நின்ற கன்றுகளை மிதிக்காமல் பாய்ந்து பாய்ந்து போனது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தக் கன்று காய்க்கப் பத்துப் பன்னிரண்டு வருடம். அப்போது இந்தப் பிள்ளைக்கு வயது இருபதுக்குக் கிட்ட வரும். தாயைப்போல விடியப் புறப்பட்டுச் சந்தைக்குப் போகிறதோ, வேலைக்குப் போகிறதோ, இந்த வீதியால்தான் போகும்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி, முதல் கன்றைப் பிடுங்கினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவருக்கு அதுதான் வேலை. ஓர் உரப்பையைத் தூக்கிக்கொண்டு வருவார். ஒரு துண்டு வீதியைத் துப்புரவாக்குவார். முதுகு நிமிராமல் வீட்டுக்குப் போவார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பிடுங்கிய இடத்தில் புதிது முளைத்திருக்கும். சபை வேலையாட்களை விடலாமே என்று செயலாளர் கேட்டார். வேண்டாம் என்றார். தனோஜன், தொப்பி போட்ட பிள்ளைகளோடு அவர் கன்று நடும் பழைய படத்தையும், குந்தியிருந்து கன்று பிடுங்கும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகநூலில் போட்டான். ஊரே பார்த்துச் சிரித்தது. யோகராசாவும் பார்த்தார். இரண்டு படத்திலும் தான் ஒரே மாதிரித்தான் குந்தியிருப்பதாக அவருக்குப் பட்டது.

தை பிறக்கும் நேரத்தில் அவர் தனுஷியாவின் வீட்டுக்கு எதிரே வந்துவிட்டார். அவள் கடப்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒருக்கா இஞ்சால வாங்க."

அவர் உரப்பையைக் கடப்படியில் வைத்துவிட்டு உள்ளே போனார். அவள் குசினிக்குப் பின்னால் கூட்டிப்போனாள். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு விளாங்கன்று நின்றது. வீதியில் நின்றவற்றைவிட உயரம். ஒரு முழம் இருக்கும். கோழி கிண்டாமல் சுற்றி மூன்று கூரை ஓட்டுத் துண்டு நட்டிருந்தது.

"இது யானை போட்டது இல்ல மாமா," என்றாள். "அவர் போறதுக்கு முந்தின நாள் கொண்டு வந்த பழம். புள்ள திண்டிற்று இதுக்குள்ள எறிஞ்சிரிக்கா."

அவர் தலையை ஆட்டினார்.

"நாலஞ்சு தரம் புடுங்க வந்திற்றன். கை போகுதில்ல. தண்ணியும் ஊத்திப் போட்டன்."

அவர் அந்தக் கன்றைப் பார்த்தார். ஒன்றே ஒன்று. ஒரு மரத்தையாவது விட்டுவையுங்கள் என்று எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பார். விட்டுவிடு புள்ள என்று சொல்ல வாய் உன்னியது. விதுர்ஷாவின் பாடசாலைச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. இது காய்த்தால் யானை வளவுக்குள்ளேயே வரும்.

"விடுவமா புள்ள?" என்று கேட்டார். கேட்ட குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

தனுஷியா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, இல்லை என்று தலையசைத்தாள். பிறகு சொன்னாள்:

"நீங்க புடுங்குங்க மாமா. உங்கட கைக்குப் பழகிற்றுத்தானே."

அவர் குந்தினார். ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கன்றின் அடியில் இரண்டு விரலைக் கொடுத்து இழுத்தார். மண் ஈரம். ஒரு சிரமமும் இல்லாமல், முழு வேரோடு வந்துவிட்டது. செடியைவிட வேர் நீளமாக இருந்தது.

ரதீஸின் உடம்பைக் கொண்டுவந்த அன்று தனுஷியா அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இப்போது அழுதாள். சத்தமாக, குழியைப் பார்த்தபடி அழுதாள். மண்ணில் ஒன்றை ஊன்றும்போது சொல்ல யோகராசாவிடம் நூறு வசனம் இருந்தது. பிடுங்கும்போது சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவள் அழுது முடியும் வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

பிறகு கடப்படிக்கு வந்தார். உரப்பைக்குள் மற்றவற்றோடு அதைப் போட மனம் வரவில்லை. வேலியோரம் எறியலாம் என்று பார்த்தார். எங்கே எறிந்தாலும் ஈர நிலம், பிடித்துவிடும். பையை ஒரு கையிலும் அந்தக் கன்றை மறுகையிலும் பிடித்தபடி வீதிக்கு ஏறினார்.